பதினொரு தட்டுகள்

கண் சொட்டு மருந்து தயாரிக்கும் அந்தக் கம்பெனியில் அவளைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆய்வகத்தில் அவள் வேலை அப்படி. மருந்தைப் புட்டியில் நிரப்பும் அறையில், கிருமிகளுக்கு இரை தடவிய வட்டத் தட்டுகளைக் கொஞ்ச நேரம் திறந்து வைப்பார்கள். பிறகு மூடி, வெதுவெதுப்பான பெட்டிக்குள் ஐந்து நாள் அடைத்து வைத்தால் அறையின் லட்சணம் தெரிந்துவிடும். காற்றில் கிருமி இருந்திருந்தால் தட்டில் புள்ளி புள்ளியாக முளைக்கும். அந்தப் புள்ளிகளை எண்ணி ஏட்டில் எழுதுபவள் அவள். ஒன்பது வருஷத்தில் எண்ணுவதற்குப் பெரும்பாலும் ஒன்றுமே இருந்ததில்லை. பூஜ்யம் போட்டுப் போட்டே என் பேனா தேய்கிறது என்று சிரிப்பாள்.

அந்த வருஷ மழைக்காலத்தில் சிரிப்பு நின்றது. மூன்றே வாரத்தில் பதினொரு தட்டுகள் முளைத்தன. ஒன்றில் நாற்பது புள்ளிகள். தட்டை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் ஓடினாள்.

"கூரையில இருக்கிற காத்து வடிகட்டி பழசாயிடுச்சு. புதுசுக்கு ஆர்டர் போட்டிருக்கு. அதுவரைக்கும் பூஜ்யமே போட்டுடும்மா" என்றார் அவர்.

"முளைச்சிருக்கே சார்."

"முளைச்சா என்ன, நாத்து பிடுங்கி நடப்போறியா? போய்ப் போடு."

போட்டாள். ஏட்டில் பூஜ்யத்தைப் போட்டுவிட்டு, தன் கைப்பையில் இருந்த சின்ன நோட்டில் உண்மையான எண்ணிக்கையைத் தேதியோடு குறித்துக்கொண்டாள். ஏன் குறித்தாள் என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. சோறு தொண்டைக்குள் இறங்காமல் பத்து நாள் திரிந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் மூன்று பேர் வாசலில் வந்து நின்றார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோப்பு. மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் என்று சேதி பரவியதும் கம்பெனியில் யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூவரில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் நேராக ஆய்வகத்துக்கு வந்து அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"போன மாசம் நிரப்பற ரூம்ல தட்டெல்லாம் எப்படிம்மா இருந்துச்சு?"

குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது. கேட்டதுதான் தாமதம், அவள் கொட்டித் தீர்த்துவிட்டாள். பதினொரு தட்டு, நாற்பது புள்ளி, பழைய வடிகட்டி, மேனேஜர் சொன்னது, தான் போட்ட பூஜ்யங்கள். அவர் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டார். அன்று மத்தியானம் அவள் சோற்றுப் பாத்திரத்தைக் காலி பண்ணினாள். வீட்டுக்குப் போனதும் கணவனிடம், "எல்லாத்தையும் சொல்லிட்டேங்க. இனி அவங்க பாத்துப்பாங்க" என்றாள்.

மறுநாள் எல்லோரையும் கூட்ட அறைக்கு வரச் சொன்னார்கள். மேனேஜருக்குப் பக்கத்தில் நரைமீசைக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நேத்து நடந்தது ஒத்திகை" என்றார் மேனேஜர், பல்லெல்லாம் தெரிய. "சார் நம்ம கம்பெனிக்குப் பயிற்சி குடுக்க வந்திருக்கார். நிஜமாவே சோதனைக்கு வந்தா எப்படி நடந்துக்கணும்னு சொல்லுவார்."

நரைமீசைக்காரர் எழுந்து நிதானமாகப் பேசினார்.

"அதிகாரிங்க வந்தா பதறாதீங்க. வாசல்ல நிக்க வைக்காதீங்க. அட்டையை வாங்கிப் பாருங்க, அவங்க ஆபீசுக்குப் போன் போட்டு சரிபாருங்க. அதுல தப்பே இல்லை. போற இடமெல்லாம் நம்ம ஆள் ஒருத்தர் கூடவே இருக்கணும். காகிதம் எதையும் கிழிக்காதீங்க, ஒளிக்காதீங்க. பொய் சொல்லவே கூடாது. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. ஆனா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நேத்து ஒருத்தங்க, ஒரு கேள்விக்குப் பதினோரு பதில் சொன்னாங்க."

அறையே சிரித்தது. அவர் பெயர் சொல்லவில்லை. சொல்லாமலேயே எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

கூட்டம் கலைந்ததும் படிக்கட்டில் அவரை மடக்கினாள். "ஒத்திகையாவே இருக்கட்டும் சார். நான் சொன்னது நிஜம்."

அவர் சிரிக்கவில்லை. "தெரியும்மா. என் அறிக்கையில முதல் வரியே அதுதான். வடிகட்டியை மாத்துங்க, மாத்தற வரைக்கும் நிரப்பறதை நிறுத்துங்கன்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

"நிறுத்தலைன்னா?"

"நான் எழுதித்தானேம்மா குடுக்க முடியும்?" கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

வடிகட்டி மாறவில்லை, நிரப்புவதும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. திங்கட்கிழமை அவளைத்தான் ஆய்வகத்திலிருந்து மாற்றி, பெட்டி கட்டும் பகுதிக்கு அனுப்பினார்கள். அங்கே நீளமான மேசையின் இருபுறமும் பெண்கள் நின்று, புட்டிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கி, எண் முத்திரை குத்தி, பசை டேப் ஒட்டுவார்கள். "இங்க பூதக்கண்ணாடிக்கு வேலை இல்லைடி, கத்தரிக்கோல் போதும்" என்று மூத்த அக்கா ஒருத்தி இடம் விட்டாள். பரிதாபப்பட்டுத்தான் சொன்னாள். இரண்டு மாதத்தில் கணவன் வேலை பார்த்த லேத் பட்டறை மூடிவிட்டது. வீட்டுக்கு அவள் சம்பளம் மட்டும்தான் என்றானது. அவளும் வாயைத் திறக்காமல் முத்திரை குத்தினாள்.

நான்கு மாதம் கழித்து மறுபடி இரண்டு பேர் சொல்லாமல் வந்தார்கள். ஒருவர், கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்ட பெண். இந்த முறை எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி நடந்தது. உட்கார வைத்தார்கள், அட்டையைச் சரிபார்த்தார்கள், கேட்ட ஏட்டை உடனே எடுத்து நீட்டினார்கள். பூஜ்யங்கள் வரிசையாக நின்றன. கடைசியில் அந்தப் பெண் பெட்டி கட்டும் பகுதிக்கு வந்து, யோசிக்காமல் அவள் முன்னால் நின்றார். மேனேஜர் இரண்டடி பின்னால்.

"எத்தனை நாளா இங்க இருக்கீங்க?"

"நாலு மாசமா மேடம்."

"அதுக்கு முன்னாடி?"

"லேப்ல."

"லேப்ல இருந்தவங்களை ஏன் இங்க போட்டாங்க?"

அவள் அந்த அட்டையையே பார்த்தாள். அன்றைக்கு நரைமீசைக்காரர் கழுத்திலும் இதே மாதிரிதான் தொங்கியது. இதுவும் ஒத்திகையாக இருந்தால்? மேனேஜரின் செருப்பு தரையில் ஒருமுறை தேய்ந்தது.

"மாத்தினாங்க மேடம். அவ்வளவுதான்."

அந்தப் பெண் இன்னும் ஒரு கணம் நின்றார். பிறகு தலையாட்டிவிட்டு நகர்ந்தார். மேனேஜர் அன்று எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். அவள் தன் பங்கை அக்காவின் பக்கம் தள்ளிவிட்டாள்.

ஏழு வாரம் போனது. ஒரு ஞாயிறு காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவன், "இது உங்க கம்பெனி மருந்தா பாரு" என்று நீட்டினான். ஓர் ஆஸ்பத்திரியில் கண்புரை அறுவை செய்துகொண்ட ஒன்பது பேருக்குக் கண்ணில் சீழ் வைத்துவிட்டது. நான்கு பேருக்குப் பார்வை போய்விட்டது. எல்லோருக்கும் ஒரே மருந்துதான் போட்டிருக்கிறார்கள். செய்தியின் கடைசியில் பெட்டி எண் இருந்தது. அந்த எண்ணை ஒரு நாள் முழுக்கக் குத்தியவள் அவள். கை முட்டி வலித்தது வரை நினைவிருந்தது.

"நீ எண்ணினவ. நிரப்பினவ இல்லையே" என்றான் கணவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு.

"எண்ணினதை எழுதலையேங்க."

திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல், சின்ன நோட்டோடு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போனாள். கயிற்றுக் கண்ணாடிப் பெண்தான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். அவள் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதினார். முடிந்ததும் அந்த அதிகாரி நோட்டை மூடி வைத்தார்.

"அன்னைக்கு உங்களைத்தானே கேட்டேன்?"

"ஆமாங்க மேடம்."

"சொல்லியிருந்தா அன்னைக்கே பூட்டி சீல் வெச்சிருப்பேன்."

எழுதியவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு அதிகாரியைப் பார்த்தார்.

"அதையும் வாக்குமூலத்துல எழுதணும்" என்றார் அதிகாரி.

"எழுதுங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். "ஏதோ இருக்குன்னு எனக்கும் பட்டுச்சு. தனியாக் கூப்பிட்டு இன்னொரு தடவை கேட்டிருக்கணும். கேட்கலை."

மறுநாளே கம்பெனிக்குப் பூட்டுப் போட்டார்கள். மேனேஜரின் மேசை இழுப்பறையில் நரைமீசைக்காரரின் அறிக்கை மடிப்புக் கலையாமல் கிடந்தது. அதைக் காட்டியபோது எனக்குத் தெரியாது, நான் படிக்கவே இல்லை என்று எவ்வளவோ பூசி மெழுகிப் பார்த்தார் மேனேஜர். கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்ததால் எடுபடவில்லை. அவரையும் முதலாளியையும் கைது செய்தார்கள். வேலை போன பெண்கள் அவள் வீட்டுத் தெருவில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றினார்கள். அக்கா வரவில்லை. அந்த ஒரு ஆறுதல்தான்.

விசாரணை அன்று, வரிசை எண் வாங்கிக்கொண்டு அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட வயதான மனிதர். விரல் நுனிகளில் ஊசி குத்திக் குத்திக் காய்த்திருந்தது. தையல்காரராக இருக்க வேண்டும்.

"எத்தனாம் நம்பர் ஓடுதும்மா? என் பொண்ணு தண்ணி வாங்கப் போயிருக்கா" என்றார்.

"இருபத்தாறுங்க."

"அடுத்தது நான்தான். நீங்களும் கண்ணு விஷயமா வந்தீங்களா?"

"இல்லைங்க. நான் அந்தக் கம்பெனியில வேலை பார்த்தவ."

அவர் முகம் அவள் பக்கம் திரும்பியபடியே இருந்தது.

"அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கலாம். "தெரியுங்க" என்றாள்.

அவர் மெல்லத் தலையாட்டினார். மகள் தண்ணீர் பாட்டிலோடு வந்ததும், "அந்தப் பக்கம் போயிடலாம்மா, இங்க காத்தே வரலை" என்று எழுந்தார். மின்விசிறி அந்தப் பெஞ்சுக்கு நேர் மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தது. மகள் ஒன்றும் கேட்காமல் கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

இருபத்தேழைக் கூப்பிட்டார்கள். மகளின் தோளைப் பற்றியபடி அவர் உள்ளே போய், கதவு சாத்தும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த எண் அவளுடையது.