முனீஸ்வரி வந்த நேரம்

"அவென் வண்டிய எடுக்கையில நீ எதுக்குடி வாசல்ல நின்ன?" என்று கேட்டாள் அம்மா ரெங்கம்மாள்.

முனீஸ்வரி தம்பியின் காலுக்கடியில் தலையணையை வைத்தாள். அழகுபாண்டி குடித்துவிட்டு, திருமங்கலம் ரோட்டோரம் நின்றிருந்த டிராக்டர்மேல் பைக்கை மோதிக் காலை முறித்துக்கொண்டிருந்தான். பிராந்தி வாடை இன்னும் போகவில்லை. அது அம்மாவின் மூக்குக்கு மட்டும் எட்டவில்லை.

"அக்காவ எதுத்தாப்புல பாத்தப்பவே நெனச்சேன்" என்றான் அவன்.

முனீஸ்வரி பெரிய மனுஷியான வாரம் அப்பா பாம்பு கடித்து இறந்தார். துக்கத்துக்கு வந்த யாரோ 'பொண்ணு ராசி சரியில்ல' என்று சொன்ன வார்த்தையை ரெங்கம்மாள் பிடித்துக்கொண்டாள். பிறகு கிணறு வற்றியதும், நெல் பதராய்ப் போனதும் அவளால்தான். பேச்சு பரவி, பெண் பார்க்க வந்தவர்கள் நின்றுபோனார்கள். அதுவும் அவள் குற்றமே ஆனது. தம்பி மனைவி தமிழ்ச்செல்வி மட்டும், யாரும் இல்லாதபோது, "மனசுல வச்சுக்காதீங்க மதினி" என்பாள்.

அன்று முதல்முறையாக முனீஸ்வரி வாய் திறந்தாள். "குடிச்சது அவென். விழுந்தது அவென். நான் வாசல் தெளிச்சுக்கிட்டு நின்னேன்."

மறுவாரம் கப்பலூரில் ஒரு துணிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து விடுதியில் தங்கிக்கொண்டாள். காலையில் அவள் எதிரே வந்தால் அங்கே யாரும் முகம் சுளிக்கவில்லை. அதை நம்பவே அவளுக்கு நாளானது.

ஆடி மாதம் தமிழ்ச்செல்வி போன் செய்தாள்.

"பசு செத்துப்போச்சு மதினி. நான் காலெடுத்து வச்ச நேரமாம். இப்ப பாப்பாவையும் பீடைங்கிறாக. 'நான் என்னம்மா செஞ்சேன்'னு கேட்டு அழுகுது."

"நீ எதுத்துக் கேளு."

"கேட்டா அடி விழுகுது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீங்க இருந்தவரைக்கும் எங்களுக்கு ஒண்ணும் இல்ல மதினி. வந்துருங்களேன்."

தமிழ்ச்செல்வி எதற்குக் கூப்பிடுகிறாள் என்பது முனீஸ்வரிக்குப் புரிந்தது. ஆனாலும் ஆறு வயதுப் பிள்ளை அழுவதை நினைத்தபோது அவளால் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினாள்.

சாயங்காலம் பாப்பாவை மடியில் வைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். டிரான்ஸ்பார்மர் வெடித்து ஊர் முழுக்கக் கரண்ட் போனது. ரெங்கம்மாளின் கண்கள் ஆளைத் தேடின.

தமிழ்ச்செல்வி முந்திக்கொண்டாள். "மதினி வந்தாலே இப்படித்தான் அத்தை."

"அதச் சொல்லு" என்று ரெங்கம்மாள் மருமகளைப் பார்த்துச் சிரித்தாள். பல மாதமாக அப்படிச் சிரித்ததில்லை.

பாப்பா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, பாதி பின்னிய தலையோடு முனீஸ்வரியின் மடியிலிருந்து இறங்கி, அப்பத்தா பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.