ஃபிட்ஹாக் எந்தப் பக்கம்?

ஐனா டூகிட்டின் கடைசிக் குறுஞ்செய்தி மதியம் ஒன்று நாற்பதுக்கு அவள் தங்கை மேசியின் போனுக்கு வந்தது. கால் முறிந்துவிட்டது, ஃபிட்ஹாக் ஆட்டுப்பட்டியில் கிடக்கிறேன், சீக்கிரம் ஆள் அனுப்பு. அவ்வளவுதான். மேசி திருப்பிக் கூப்பிட்டபோது போன் அணைந்திருந்தது.

ஃபிட்ஹாக் என்று ஓர் இடம் எந்த வரைபடத்திலும் இல்லை; மீட்புக் குழுவில் யாரும் கேள்விப்பட்டதும் இல்லை.

ஐனாவின் வண்டி கிடைத்துவிட்டது. பாலத்தடியில், இரண்டு பள்ளத்தாக்குகளும் பிரிகிற இடத்தில் நின்றது. காலையிலிருந்து கொட்டிய பனி அவள் காலடித் தடத்தை மூடியிருந்தது. இடப்பக்கம் போனாளா, வலப்பக்கம் போனாளா? இரண்டிலுமே இடிந்துபோன பட்டிகள் பத்துப் பதினைந்து உண்டு. மேகம் மலையில் உட்கார்ந்துவிட்டதால் ஹெலிகாப்டர் வராது என்று சொல்லிவிட்டார்கள். ஜனவரி மாதம், நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

மோர்வன் கெட்டிஸ் மடிக்கணினியை அணைத்துப் பிடித்துக்கொண்டு ஊர்க்கூடத்துக்கு ஓடி வந்தபோது மணி இரண்டு பத்து. மலை மீட்புக் குழுவின் தலைவர் இம்லாக் வாசலிலேயே நின்றிருந்தார். தண்ணீர்க் குழாய் வேலை பார்ப்பவர். போன மாதம் மதுக்கடையில் எல்லோர் முன்னாலும் அவளைக் கேலி செய்தவர்: "எழுத்துப் பிழைக்கெல்லாம் சம்பளம் குடுக்குறாங்களாமே அபர்டீன்ல?"

இன்று கேலி இல்லை. "உன் பெட்டிகிட்ட கேளும்மா. எந்தப் பக்கம்?"

ஸ்காட்லாந்துக்காரர்கள் பேசும் ஸ்காட்ஸ் மொழிக்கு இதுதான் சரியான எழுத்து என்று யாரும் வகுத்தது கிடையாது. ஒரே சொல்லை ஊருக்கு ஒரு விதமாக, ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள். எத்தனை விதமாக எழுதினாலும் இது அதுதான் என்று கண்டுபிடிக்கும் நிரலைத்தான் மோர்வன் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். இந்த வட்டாரத்தின் பழைய குத்தகைப் பட்டியல்கள், பண்ணை வரைபடங்கள், தேவாலயப் பதிவேடுகள் எல்லாவற்றையும் மூன்று வருடமாக அதற்கு ஊட்டியிருந்தாள்.

ஐனா எழுதிய பெயரை அப்படியே தட்டினாள். திரையில் பட்டியல் விழுந்தது. முதலில் நின்றது ஃபுயிட்ஹாக். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய பண்ணை வரைபடத்தில் இருந்த பெயர். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று மதிப்பெண்.

"ஹாக்னா ஆத்தோரப் புல்வெளி. ஃபிட்னா நம்ம பக்கம் பாதம். மலைப் பாதத்துல இருக்கிற புல்வெளி," என்றாள். "இடப்பக்கம். நாலு மைல்."

"நிச்சயமா?"

"தொண்ணூத்து மூணு."

"அது போதும்." இம்லாக் எட்டுப் பேரையும் கிளப்பினார். யாரோ, நாலு பேர் அந்தப் பக்கம் போகட்டுமே என்றார்கள். "இந்தப் பனியில ஸ்ட்ரெச்சர் தூக்க எட்டுப் பேர் வேணும். பிரிஞ்சா ரெண்டு பக்கமும் கெடும். வாங்கடா!"

கூடத்தில் மோர்வனும் மேசியும் ஒரு வயர்லெஸ் கருவியும் மிஞ்சினார்கள். மேசி பெர்த் நகரத்தில் வங்கியில் வேலை பார்த்தவள்; இரண்டு நாளுக்கு முன்புதான் அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். இந்த மலைப்பக்கத்துப் பெயரெல்லாம் மறந்து முப்பது வருடமாகிவிட்டது. அக்காவின் பழைய செய்திகளைத் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"பாரு, போன மாசம்கூடப் பாதத்துல புண்ணுன்னு எழுதியிருக்கா. போய் டாக்டரப் பாருடின்னேன். கேட்டாளா?"

மோர்வன் ஆறுதலுக்காகத்தான் எட்டிப் பார்த்தாள். அந்தச் சொல்லை இன்னொரு முறை படித்தாள்.

பாதம் என்பதை ஐனா ஃபிட் என்று எழுதவில்லை. நடுவில் 'யூ' போட்டு, ஃபுட் என்று எழுதியிருந்தாள்.

"மேசி, போனக் குடுங்க. எத்தன வருஷத்துச் செய்தி இருக்கு?"

"நாலு வருஷம். ஏன், என்ன ஆச்சு?"

மோர்வன் கேபிளை எடுத்தாள். போனைக் கணினியோடு இணைத்து, செய்தி மொத்தத்தையும் இறக்கினாள். பாதம் பதினொரு இடத்தில் வந்திருந்தது. பதினொன்றிலும் 'யூ'. ஃபிட் என்று எங்கே எழுதியிருக்கிறாள்? தேடினாள். ஃபிட் பெயின்ட் ரெண்டு டப்பா வாங்கி வா. ஃபிட் ஆடு குட்டி போட்டுடுச்சு.

"ஃபிட் ஆடுன்னா என்ன ஆடு?"

"வெள்ளை ஆடு. ஃபைட்னா நம்ம பக்கம் வெள்ளை. அவ கடைசியில 'ஈ' போட மாட்டா. எந்த வார்த்தைக்கும் போட மாட்டா. பள்ளிக்கூடத்துல அதுக்காக அடி வாங்கியிருக்கா."

கடைசி 'ஈ' இருந்தால் வெள்ளை, இல்லாவிட்டால் பாதம். புத்தகம் எழுதியவர்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். நிரலும் புத்தகத்திலிருந்துதான் படித்தது. ஐனாவிடமிருந்து படிக்கவில்லை.

அப்படியானால் அது வெள்ளைப் புல்வெளி. மோர்வன் விதியை மாற்றினாள். கடைசி 'ஈ' இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இந்த வட்டாரத்தில் 'எஃப்' என்று சொல்வதைப் பழைய குமாஸ்தாக்கள் 'க்யூ, யூ, ஹெச்' என்று மூன்றெழுத்தில் எழுதுவார்கள், அதையும் ஒன்றாக்கினாள். விரல் இரண்டு முறை தப்பான இடத்தில் விழுந்தது. மூன்றாம் முறை ஓடியது.

நாற்பத்தோராம் இடத்தில் கிடந்த ஒரு பெயர் மேலே வந்து நின்றது. குவைட்ஹால்க், வெள்ளைப் புல்வெளியேதான். முந்நூறு வருடத்துக்கு முந்தைய குத்தகைப் பட்டியல். நீரோடையின் பெயரும் பக்கத்திலேயே எழுதியிருந்தது.

அந்த ஓடை வலப்பக்கப் பள்ளத்தாக்கில் ஓடுவது.

மணி இரண்டு ஐம்பத்தைந்து. மோர்வன் வயர்லெஸை எடுத்தாள்.

"இம்லாக், திரும்புங்க. அது இடப்பக்கம் இல்ல. வலப்பக்கம்."

காற்றின் இரைச்சல். பிறகு அவர் குரல். "என்னம்மா விளையாடுறியா? ஒன்றரை மைல் வந்தாச்சு. முழங்கால் வரைக்கும் பனி."

"நான் தப்பாச் சொல்லிட்டேன். அவங்க எழுதுறது வேற மாதிரி."

"இப்ப எத்தன மார்க்கு?"

மோர்வன் திரையைப் பார்த்தாள். எழுபத்தெட்டு. முதலில் சொன்னதைவிடக் குறைவு. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"எழுபத்தெட்டு. ஆனா அந்தத் தொண்ணூத்து மூணு யாரோ எழுதினதுக்கு. இது ஐனா எழுதினதுக்கு."

எதிர்முனையில் அவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். மேசி மோர்வனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்; நகம் பதிந்தது.

"நீ சொன்னது தப்பா இருந்துட்டா?" மேசியின் குரல் எழும்பவே இல்லை.

"தெரியல, மேசி."

"எட்டுப் பேரும் திரும்பறோம்," என்றது வயர்லெஸ்.

மூன்றரை. மூன்றே முக்கால். ஜன்னலுக்கு வெளியே மலை சாம்பல் நிறமாகி, பிறகு இல்லாமலே போயிற்று. மேசி தேநீர் போட்டாள், இருவரும் குடிக்கவில்லை. மோர்வன் அந்தப் பழைய பட்டியலின் வரியையே திரும்பத் திரும்பப் படித்தாள். குமாஸ்தா ஓடையின் பெயரைத் தப்பாக எழுதியிருந்தால்? எத்தனையோ இடத்தில் எழுதியிருக்கிறார்கள், அவளே திருத்தியிருக்கிறாள்.

நாலு இருபதுக்குக் கருவி கரகரத்தது.

"டார்ச் வெளிச்சத்துல பட்டி தெரியுது. ஆள் தெரியல."

மேசி எழுந்து நின்றாள்.

ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம்.

"இருக்கா. சுவரோட ஒட்டிக் கிடக்கா. மூச்சு இருக்கு. பேச்சு இல்ல, மூச்சு இருக்கு."

மேசி நாற்காலியைத் தேடாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் மோர்வன் மருத்துவமனைக்குப் போனாள். ஐனாவின் கால் எலும்பைச் சேர்த்துவிட்டார்கள். பனி கடித்த இடது கால் விரல்கள் இரண்டைக் காப்பாற்ற முடியவில்லை. மோர்வன் கொண்டுபோன பழத்தைக்கூட வைக்காமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் தப்பாக அனுப்பியது தான்தான் என்றும், போகவர ஒன்றேகால் மணி நேரம் அதில் போயிற்று என்றும் சொன்னாள்.

ஐனா கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இம்லாக் உன்னத் திட்டினானா?"

"திட்டினாரு."

"நல்லாத் திட்டினானா?"

"நல்லாவே."

"அப்ப நான் வேற எதுக்குத் திட்டணும்? எனக்கு மூச்சு வாங்குது." போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டிப் பக்கத்து நாற்காலியைத் தள்ளினாள். "உக்காரு. அந்தப் பழத்த உரி."

மோர்வன் உட்கார்ந்தாள். உரிக்க ஆரம்பித்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.