கரும்பலகைக் கறுப்பு

பின்கதவின் கீழ் ஓரத்தில் பச்சை தெரிகிறது, நகமளவுதான், விடிய விடியப் பெய்த மழையில் கறுப்பு உரிந்து அந்த இடம் மட்டும் ஈரமாக மினுங்குகிறது, யோகமலர் காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அதையே பார்க்கிறாள், அப்பா இருந்திருந்தால் இந்நேரம் தகர டின்னையும் சின்னத் தூரிகையையும் தூக்கிக்கொண்டு வந்திருப்பார், முப்பது வருசத்துக்கு மேலாக ஒவ்வொரு மாரிக்கும் அவர் செய்துவந்த வேலை அது, கோயில் கொடியேற்றத்தை மறந்தாலும் மறப்பார், இந்தக் கதவோரத்தை மறக்கமாட்டார், பழைய கார் எண்டால் பெயின்ற் உரியும்தானே அப்பா, விடுங்கோவன் என்று அவள் ஒருமுறை சொன்னபோது அவர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, அது பயந்த மனிதனின் பார்வை, அவர் போன வருசம் கண்ணை மூடிவிட்டார், பார்வையை இவளிடம் விட்டுவிட்டார், பத்து மணிக்கு நிஹாரா வருகிறாள்.

எல்லாம் தம்பியால் வந்த வினை. நந்தகோபன் லண்டனில் இருக்கிறான், இருக்கிறவன் சும்மா இருக்கவேண்டாமா, அப்பாவின் முதலாம் ஆண்டுக்கு ஏதாவது புதுமையாகச் செய்யவேண்டும், காரின் படத்தையும் பழைய கதையையும் சட்டம் போட்டு மாட்டவேண்டும் என்று அவனுக்கு ஆசை, அக்கா, எஞ்சின் மூடியைத் திறந்தால் உள்ளுக்கு ஒரு சின்னத் தகடு இருக்கும், அதிலை இருக்கிற இலக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கோ என்றான், இவளும் ஒன்றும் யோசிக்காமல் அனுப்பினாள், இங்கிலாந்தில் செய்த ஒஸ்ரின் கார் என்பது யாழ்ப்பாணத்தில் குழந்தைக்கும் தெரியும், இதில் புதிதாக என்ன வந்துவிடப் போகிறது, ஆனால் அங்கே பழைய கார்களின் பதிவேடுகளைக் கட்டிக்காக்கும் ஒரு கிழவர் இருக்கிறார், அவர் அந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தே போய்விட்டார், ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்து மூன்றில் செய்தது, நிறம் பச்சை, கொழும்புக்குக் கப்பல் ஏறியது, கொழும்பில் விற்றவர்களின் பழைய புத்தகத்து நகலில் வாங்கியவர் பெயரும் இருக்கிறது, எம். ஏ. மஹ்மூது, யாழ்ப்பாணம். தம்பிக்குத் தலைகால் தெரியாத சந்தோசம், கார் முந்திப் பச்சையாமே அக்கா, உங்களுக்குத் தெரியுமோ என்று கேட்டான், தெரியாது என்றாள், பேசிக்கொண்டே போய்க் கதவோரத்தில் பச்சை தெரிகிறதா என்று பார்த்தாள், கார் கறுப்பான வருசம் அவனுக்கு ஐந்து வயது, அவன் அறிந்ததெல்லாம் கறுப்புக் கார், அப்பா பாடுபட்டு வாங்கிய கார், அந்த நம்பிக்கையோடு தகட்டின் படத்தையும் வாங்கியவர் பெயரையும் முகநூலில் போட்டுவிட்டான், இவரைத் தெரிந்தவர்கள் யாரும் உண்டோ என்று, இரண்டாம் நாளே புத்தளத்திலிருந்து நிஹாரா என்ற பெண்ணின் பதில் வந்தது, அவர் என் உம்மாவின் வாப்பா, அந்தக் கார் இன்னுமா இருக்கிறது, நான் வந்து பார்க்கலாமா. தம்பி ஓம் என்று சொல்லி, வீட்டு விலாசத்தையும் கொடுத்துவிட்டுத்தான் அக்காவுக்குச் சொன்னான்.

அன்றிலிருந்து அவள் கண்ணை மூடினால் வெண்கட்டி எழுத்து வருகிறது, பதினொரு வயது யோகமலர் கார்க் கதவில் ஏழாம் வாய்பாடு எழுதுகிறாள், எழுத எழுத எழுத்து பளிச்சென்று நிற்கிறது, ஏனென்றால் அது காருக்கு அடிக்கிற பெயின்றே இல்லை, வடக்குக்கு ஒரு சாமானும் வராத காலம், அம்மா படிப்பித்த பள்ளிக்கூடத்தில் மிஞ்சிக் கிடந்த கரும்பலகைப் பெயின்றை அப்பா கேட்டு வாங்கிவந்து, கொட்டிலுக்குள் ஓலைகளை விலக்கி, பட்டப்பகலில் தானே தூரிகையால் பூசினார், மூன்று நாள், கண்ணாடியில் வழிந்ததைக்கூடத் துடைக்கவில்லை, ஏழேழு நாற்பத்தொன்பது என்று அவள் எழுதி முடிக்கும்போது பின்னால் வந்து தன் சட்டையைக் கழற்றி முழுவதையும் துடைக்கிறார், அடிக்கவில்லை, ஏசவில்லை, எங்களிட்டை கார் நிக்குதெண்டு வெளியிலை ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது பிள்ளை என்கிறார், கை நடுங்குகிறது, அப்பாவின் கை நடுங்கி அவள் அதற்கு முன் ஒரு நாள்தான் கண்டிருக்கிறாள், ஒரு வாரத்துக்கு முன், அந்தத் தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் மாதக் காலையில்.

அந்தக் காலைக்கு மட்டும் போகவேண்டாம் என்று அவள் எத்தனையோ முறை மனதைத் திருப்பியிருக்கிறாள், அது திரும்பவும் படலையடியில்தான் வந்து நிற்கும், அப்பா மஹ்மூது ஹாஜியாரின் கார்ச் சாரதி, இரும்புக்கடை ஹாஜியார், அப்பாவைக் குலம் என்றுதான் கூப்பிடுவார், குலம், கார் உன்ரை வளவுக்குள்ளேயே நிக்கட்டும், இஞ்ச நிண்டால் ஆராவது கொண்டுபோயிடுவாங்கள் என்று அவர்தான் சொல்லி ஒப்படைத்தார், பிறகு அந்த நாள் வருகிறது, ஒலிபெருக்கியில் இயக்கக்காரர் சொல்கிறார்கள், முஸ்லிம் சனம் முழுக்க இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகவேண்டும், ஒரு பொருளும் எடுக்கக்கூடாது, சொன்னவர்களின் கையில் துவக்கு இருந்தது, கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நாக்கு இருக்கவில்லை, அப்பா முன் விறாந்தையில் நின்றவர், தெருவில் ஹாஜியாரின் மகளைக் கண்டதும் உள்ளே போய்விட்டார், அவர் கையில் ஒரு சின்ன மருந்துப் போத்தல், அதற்குள் பெற்றோல், மண்ணெண்ணெயில் ஓடுகிற காருக்கு முதலில் நாலு சொட்டு பெற்றோல் விட்டால்தான் எஞ்சின் எழும்பும், அந்த நாலு சொட்டு அவரிடம் இருந்தது, கதவுக்குப் பின்னால் நின்று, நான் இல்லையெண்டு சொல்லு பிள்ளை என்கிறார், போத்தல் அவர் கையில் நடுங்குகிறது, யோகமலர் போய்ப் படலையைப் பாதி திறக்கிறாள், அந்த அக்கா தலையில் சீலையை இழுத்துவிட்டபடி, அவள் இடது கையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பிள்ளை, எங்கட வாப்பாவுக்கு நடக்க ஏலாது மகள், அப்பாவைக் கூப்பிடுறீங்களா, அப்பா வீட்டை இல்லை என்கிறாள் யோகமலர், பாடம் ஒப்புவிக்கிற குரல், ஒரு பிழையும் இல்லாமல் சொல்லிவிட்டாள், அந்த அக்கா சரி மகள் என்று சொல்லிவிட்டுப் போகிறாள், சின்னப் பிள்ளை மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போகிறது. கூட்டிக்கொண்டு போயிருந்தால் என்னையும் சுட்டிருப்பாங்கள் என்று அப்பா ஒரே ஒரு முறை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சொன்னார், இவள் ஒன்றும் கேட்காமலேயே.

படலை தட்டும் சத்தம், அன்றைக்கா இன்றைக்கா என்று ஒரு கணம் அவளுக்குத் தெரியவில்லை, திறந்தால் நிஹாரா தனியாகத்தான் வந்திருக்கிறாள், நாற்பதைத் தாண்டியவள், கண்ணாடி போட்டவள், பொலிஸ் இல்லை, லோயர் இல்லை, கையில் ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு, உள்ளே வந்து காரைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொள்கிறாள், கறுப்பாக்கிட்டீங்களா என்கிறாள், அதற்கு மேல் அதைப்பற்றிக் கேட்கவில்லை, தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு தன் கதையைச் சொல்கிறாள், லொறியில் கொண்டுபோய் நடுவழியில் இறக்கிவிட்டார்களாம், பிறகு நடைதானாம், மூத்தாப்பாவை, அதுதான் ஹாஜியாரை, ஆளுக்காள் தூக்கினார்களாம், இரண்டாம் நாள் ஒரு மரத்தடியில் அவர் போய்விட்டாராம், அங்கேயே அடக்கிவிட்டு நடந்தார்களாம். உம்மா மௌத்தாகிற வரைக்கும் சொல்லுவா அக்கா, குலம் மட்டும் அண்டைக்கு வீட்ட இருந்திருந்தா வாப்பாவக் கார்ல ஏத்தியிருப்பார், பாவம், வந்து கேள்விப்பட்டு அந்த மனுசன் எவ்வளவு அழுதிருக்குமோ எண்டு, தொழுகைக்குப் பிறகு உங்கட அப்பாவுக்கும் சேர்த்துத்தான் துஆ கேப்பா. கார் வேணுமெண்டு நான் வரேல்ல, ஒருக்கா ஏறி இருந்து பாக்கத்தான் வந்தன்.

இவ்வளவுதானா என்று யோகமலருக்கு இருக்கிறது, ஓம் தங்கச்சி, சரியாய் அழுதவர் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அப்பா நல்லவராகவே இருப்பார், தம்பி சட்டம் போட்ட படத்தைச் சுவரில் மாட்டுவான், இவள் இன்றிரவு நித்திரை கொள்ளலாம், வாய் அதற்காகத்தான் திறந்தது, அந்தப் பாடம் ஒப்புவிக்கிற குரல் தொண்டை வரைக்கும் வந்தும் விட்டது, அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு முன்னெப்போதும் இல்லாத பயம் வந்தது, பொலிசுக்குப் பயந்த பயம் அல்ல, தனக்கே பயந்த பயம், அப்பா அண்டைக்கு வீட்டை இருந்தவர் தங்கச்சி, கதவுக்குப் பின்னாலை நிண்டவர், இல்லையெண்டு சொன்னது நான் என்றாள்.

நிஹாரா கோப்பையை வைத்தாள், சிந்தாமல் வைத்தாள், அதுதான் யோகமலருக்கு இன்னும் பயமாக இருந்தது, எழுந்துபோய்க் காரைச் சுற்றி வருகிறாள், பின்கதவடியில் நிற்கிறாள், குனிகிறாள், நகத்தால் சுரண்டுகிறாள், பச்சை கொஞ்சம் பெரிதாகிறது, மஞ்சள் சட்டை போட்டிருந்தீங்க என்கிறாள் திரும்பாமலே, உம்மாட கையப் பிடிச்சிக்கொண்டு நின்டது நான்தான். மாமரத்திலிருந்து மழைத்தண்ணீர் தகரத்தில் சொட்டுகிறது, இதைச் சொல்லாம விட்டிருக்கலாம் நீங்க, உம்மாட துஆவ நான் இனி எங்க கொண்டுபோய் வைக்கிற என்று கேட்கிறாள், மன்னிப்புக் கேட்கலாம் என்றால் யோகமலருக்கு அந்தச் சொல் வாயில் சின்னதாக இருக்கிறது. இது ஓடுமா. ஓடும். ஆர் ஓட்டுற. நான்தான். அப்ப எடுங்க, எங்கட பழைய வீட்டு வாசல்ல இருந்து, எங்களக் கொண்டுபோன பாதையால, மூத்தாப்பா எந்த மரத்தடியில எண்டு உம்மாவுக்கே தெரியாது, போற தூரம் போங்க.

மழைக்கு நனைந்த எஞ்சின், உடனே எழும்பாது, யோகமலர் மூடியைத் திறந்து மருந்துப் போத்தலைச் சரிக்கிறாள், ஒரு சொட்டு, இரண்டு, மூன்றாவது வெளியே போகிறது, நாலாவது உள்ளே விழுகிறது, அப்பாவின் தகர டின் சுவரோரம் இருக்கிறது, அவள் அதைத் தொடவில்லை, எஞ்சின் இருமி எழும்புகிறது, போய்ப் படலையை இரண்டு பக்கமும் முழுதாகத் திறந்து வைக்கிறாள், திரும்பிவந்து பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள், சாரதிகள் நிற்பதுபோல, கதவின் கீழ் ஓரத்தில் பச்சை தெரிகிறது, இப்போது உள்ளங்கையளவு, நிஹாரா ஏறி, கண்ணாடியோரம் ஒதுங்கி, பக்கத்தில் ஒருவர் இருக்க இடம் விட்டு உட்காருகிறாள்.