பதினேழாம் எண் முகமூடி

இப்போதெல்லாம் மனிதர்கள் எதற்கெடுத்தாலும் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒருத்தன் இன்னொருத்தன் பல்லை உடைத்தால் வட்டம். பக்கத்து வீட்டு நாய் கடித்தால் வட்டம். நடுவில் ஒரு மெழுகுவர்த்தி, ஓரத்தில் கேக். ஆளாளுக்கு "எனக்கு எப்படி இருந்துச்சுன்னா" என்று ஆரம்பிப்பார்கள். கடைசியில் ஒரு தாளில் கையெழுத்து. உடைந்த பல் உடைந்ததுதான். முப்பத்தெட்டு வருஷம் மாடு வெட்டும் கொட்டடியில் வேலை பார்த்தவன் நான். அங்கே வட்டம் கிடையாது. அடி வாங்கினவன் கத்தினான், அடித்தவன் ஓடினான், யார் என்ன செய்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

எங்கள் ஊரில் பெர்பெலே என்கிற முகமூடிக் கிழவிகளின் முதுகில்கூட இப்போது எண் ஒட்டுகிறார்கள். டிசம்பர் நாலாம் தேதி கல்யாணமாகாத பெண்கள் கிழவி வேஷம் கட்டி, மரப்பாசி ஒட்டின முகமூடி மாட்டி, இடுப்பில் மணியும் கையில் குச்சிக்கட்டுமாகத் தெருவில் இறங்கி ஆண்பிள்ளைகளை விளாசுகிற நாள் அது. முட்டிக்குக் கீழேதான் அடிக்கலாம். வாய் திறக்கக்கூடாது, குரலில் ஆள் தெரிந்துவிடும். முகமூடி கழன்றால், அவள் மறுபடி மாட்டுகிற வரைக்கும் சுற்றி நிற்கிறவர்கள் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ள வேண்டும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இதுதான் முறை. எண் எதற்கு? புகார் கொடுக்கவாம்.

அந்த வருஷம் பதினேழாம் எண் எங்கள் வீட்டுக்கு வந்தது.

வாங்கி வந்தவள் தம்தா. பதினாறு வயசு, ஜார்ஜியா நாட்டுப் பெண். ஒரு வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளியில் படிக்கவென்று ஒரு மாணவர் பரிமாற்றச் சங்கம் அனுப்பி வைத்திருந்தது. என் மகள் வால்புர்கா என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஒத்துக்கொண்டாள். வந்த அன்றைக்கே நான் என் அலமாரிக்குப் பூட்டு வாங்கினேன்.

காலை ஆறே முக்காலுக்கு பஸ், ஒன்றரைக்கு வீடு. சாயங்காலம் எங்களோடு உட்கார்ந்து ரொட்டி, சீஸ், ஊறவைத்த வெள்ளரி.

"தினமும் ராத்திரிக்கு இந்தக் குளுந்த சாப்பாடுதானா, தாத்தா?" என்று முதல் வாரம் கேட்டாள்.

"உனக்காக மாடு வெட்டணுமா?"

"உங்களுக்கு வெட்டத் தெரியுமாமே. வெட்டுங்க."

அவள் சிரிக்கவில்லை. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கவில்லை.

அக்டோபரில் ஒரு நாள் கால் டாக்டரிடம் போக அதே பஸ்ஸில் ஏறியிருந்தேன். பள்ளிக்கூட நிறுத்தத்தில் தம்தா இறங்கும்போது, குவிரின் என்கிற பையன் அவள் கையைப் பிடித்துக் கதவிடுக்கில் வைத்து அழுத்திக்கொண்டான். எங்கள் ஊர் தீயணைப்புக் குழுத் தலைவன் ரூபர்ட்டின் மகன் அவன், பதினேழு வயசு. கதவு மூடியது. எலும்பு என்ன சத்தம் போடும் என்று எனக்குத் தெரியும். கணக்குப் பரீட்சையில் அவனைவிட அதிகம் வாங்கிவிட்டாள், அதுதான் கோபம் என்றார்கள். அது மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். நசுங்கின விரலோடு அவள் திரும்பி அவன் மணிக்கட்டைக் கடித்தாள். சதை கொஞ்சம் வந்துவிட்டது.

பள்ளியில் வட்டம் போட்டார்கள். அவன் மன்னிப்புக் கேட்டான், இவள் மன்னிப்புக் கேட்டாள், கையெழுத்து. கடித்ததற்காகச் சங்கத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் மட்டும் இவளுக்கு வந்தது.

நவம்பரில் முதல் பனி. வழுக்காமல் இருக்கத் தெருவில் சரளைக்கல் தூவியிருந்தார்கள். குவிரினும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் அவளைக் கீழே தள்ளி, கல்லும் பனியுமாக வாரி முகத்தில் தேய்த்தார்கள். கன்னம் இறைச்சி அரைக்கிற தட்டு மாதிரி ஆகிவிட்டது. இவள் ஒருத்தன் மூக்கை உடைத்தாள். மறுபடி வட்டம். மறுபடி கடிதம்: இன்னொரு தடவை கை நீட்டினால் அடுத்த விமானத்தில் ஊருக்கு.

அன்று வால்புர்கா அவள் கன்னத்திலிருந்து இடுக்கியால் கல் பொறுக்கிக்கொண்டே, "பேசித் தீர்த்துக்கலாம்மா, அவனும் சின்னப் பையன்தானே" என்றாள்.

"போனா அப்பா படிப்ப நிறுத்திடுவாரு" என்றாள் தம்தா, என்னைப் பார்த்து. "மாமா பேக்கரில ஆயுசுக்கும் மாவு பிசையணும். நான் போகமாட்டேன், தாத்தா."

"என்கிட்ட ஏன் சொல்றே?"

"நீங்கதான் 'பாவம்'னு சொல்லல."

டிசம்பர் நாலு. சாயங்காலம் அவள் பாவாடையும் மணியுமாகக் கிளம்பியபோது நான் சமையலறை ஜன்னலில் நின்றிருந்தேன். கொட்டகைக்குள் போனாள். ஆணியில் தொங்குகிற என் பழைய சவுக்கு, எருதின் நரம்பைக் காயவைத்து முறுக்கினது, அதை எடுத்து ஏப்ரனுக்குள் செருகினாள். ஜன்னலைத் திறந்து ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். போடவில்லை. ஏனென்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

ஐந்து மணிக்கே இருட்டியிருந்தது. சந்தைச் சதுக்கத்தில் சூடான வைன், தொத்திறைச்சிப் புகை, ஊர் முழுக்க. இருபது பெர்பெலேக்கள் மணி குலுங்க இறங்கினார்கள். பையன்கள் நீரூற்றுப் பக்கம் நின்று கிண்டல் செய்தார்கள்.

"வாங்க பாட்டிகளா! மூட்டுவலி எப்படி இருக்கு?" என்று குவிரின் கத்தினான்.

பதினேழாம் எண் நேராக அவனிடம் போனது. முதல் அடி முறைப்படி கணுக்காலில். துள்ளிச் சிரித்தான். இரண்டாவதற்கும் சிரித்தான். அப்புறம் குச்சிக்கட்டு கீழே விழுந்தது, சவுக்கு வெளியே வந்தது. தொடையில் ஒன்று. சிரிப்பு நின்றுவிட்டது. கையால் மறைத்தான், கையில் விழுந்தது. விரல்கள் பிளந்தன. குனிந்தான், காதில் விழுந்தது. காது பாதி கிழிந்து தொங்கியது. நீரூற்றின் கல் விளிம்பில் வாய் மோதிப் பனியெல்லாம் சிவப்பு. விழுந்தவன் எம்பி முகமூடியைப் பிடித்து இழுத்தான். பிய்ந்து கையோடு வந்தது.

"முகமூடி!" என்று யாரோ கத்தினார்கள்.

அவ்வளவுதான், ஊரே திரும்பிக்கொண்டது. நூறு முதுகு. ரூபர்ட்கூட வைன் கோப்பையோடு முதுகைக் காட்டி நின்றான். அடிபடுவது தன் மகன் என்று தெரியாது என்றான் பிறகு. "அப்பா!" என்று பையன் அலறினது என் செவிட்டுக் காதுக்கே கேட்டது.

நான் திரும்பவில்லை. என் முதுகுக்குப் பின்னால் எதையும் நடக்கவிட்டுப் பழக்கமில்லை எனக்கு.

தம்தா முகத்தில் கோபமே இல்லை. கொட்டடியில் நல்ல வேலைக்காரன் முகம் அப்படித்தான் இருக்கும். இன்னும் நாலு அடி அடித்தாள். முதுகில் இரண்டு, பிளந்த கையிலேயே இரண்டு. அந்தக் கடைசி இரண்டு வேண்டாதது. அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். குனிந்து முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மணி குலுங்க, ஓடாமல் நடந்து போனாள். அதன்பிறகு ஊர் திரும்பிப் பார்த்தது. கீழே கிடந்தவனைப் பார்த்து ஒரு பெண் வாந்தி எடுத்தாள்.

மறுநாள் சவுக்கு அதே ஆணியில் தொங்கியது. கழுவித் துடைத்திருந்தாள். அதுதான் தப்பு. இருபது வருஷமாக அதை யாரும் கழுவினதில்லை. திரும்ப அடுப்புச் சாம்பலில் புரட்டி மாட்டினேன்.

பத்து நாள் கழித்துப் பள்ளியில் வட்டம். மெழுகுவர்த்தி, கேக். குவிரினுக்குக் காதில் தையல், கையில் கட்டு. சங்கத்திலிருந்து திருமதி ப்ரெக்லே என்கிற அம்மாள் கோப்போடு வந்திருந்தார். எண் அட்டைகளை எல்லாரும் ஒரே கொக்கியில்தான் மாட்டியிருந்தோம், மாறிப்போயிருக்கலாம் என்றார்கள் மற்றப் பத்தொன்பது பெண்களும். யாரைக் கேட்டாலும் நாங்கள் திரும்பி நின்றோம் என்றார்கள். உண்மைதானே. பையன் மட்டும், "அவதான், நான் பாத்தேன்" என்றான். முகமூடியை இழுத்தவன் பேச்சை எங்கள் ஊரில் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

"பெரியவரே, நீங்க நேர் எதிர்ல நின்னீங்க" என்றான் ரூபர்ட்.

"பஸ் கதவுல இவ விரல் நசுங்கினப்பவும் நான் எதிர்லதான் இருந்தேன். அப்ப ஒருத்தனும் என்னைக் கேக்கல."

"அது முடிஞ்ச கதை. கையெழுத்துப் போட்டாச்சு."

"கையெழுத்துப் போட்டா எலும்பு ஒட்டிக்குமா?"

"ஐயா," என்றார் ப்ரெக்லே அம்மாள், "நாம யாரையும் குத்தம் சொல்ல உக்காரல. நீங்க பாத்ததச் சொல்லுங்க, போதும்."

"சொன்னா இவளுக்கு விமானமா?"

"அது விதிமுறை."

தம்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்தாறு வயசில் இதுவரை நான் யாருக்காகவும் பொய் சொன்னதில்லை. யாரும் அதற்கு லாயக்காக இருந்ததில்லை. இவளும் லாயக்கா என்று தெரியவில்லை. அந்தக் கடைசி இரண்டு அடி கண்ணிலேயே நின்றது.

"நானும் திரும்பிக்கிட்டேன்" என்றேன்.

ரூபர்ட் எழுந்துவிட்டான். "நீங்களா? சர்ச்சுல ஜெபத்துக்கே கண்ணை மூடமாட்டீங்க!"

"முறைன்னா முறைதான். பெத்த புள்ள அப்பான்னு கத்தறப்பவே நீ திரும்பி நின்னே. எனக்கென்னடா வந்துச்சு?"

ரூபர்ட்டின் கழுத்து சிவந்தது. பையன் தன் அப்பனை நிமிர்ந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். ரூபர்ட் உட்கார்ந்துவிட்டான்.

ப்ரெக்லே அம்மாள் கோப்புக் கட்டை மூடி, யாரென்று தெரியாதபடியால் தம்தா வருஷம் முடிகிற வரை இருக்கலாம் என்றார். அப்புறம் வழக்கம்போல, ரெண்டு பேரும் கை குலுக்குங்கள் என்றார். எழுந்து போய்க் குலுக்கினார்கள். இருவர் முகத்திலும் சிரிப்பு. எல்லாரும் கைதட்டினார்கள், வால்புர்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் கைகளைப் பார்த்தேன். பையன் கட்டுப் போட்ட கையைத்தான் கொடுத்திருந்தான். அவள் கட்டைவிரல் தையல் இருக்கும் இடத்தில் அழுந்தி இறங்கியது. அவன் அவளுடைய கோணிப்போன விரலைத் தேடிப் பிடித்து முறுக்கினான். இரண்டு பேர் விரலும் வெளுத்தன. கட்டுத் துணியில் சிவப்பாக ஒரு பொட்டு பூத்தது. சிரிப்பு அப்படியே இருந்தது, விடவும் இல்லை.

"பாத்தீங்களாப்பா," என்றாள் வால்புர்கா, "பேசினா எல்லாம் சரியாயிடும். கேக் சாப்பிடுங்க."

"நீயே சாப்பிடு."

கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். உள்ளே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். தெருவில் புதுச் சரளை தூவியிருந்தார்கள், காலடியில் நறநறத்தது. சரியாயிடுச்சாம். எனக்கு நம்பிக்கையில்லை. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகச் சவுக்கை அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும்.