ஒக்சானாவின் கொழுக்கட்டை

மூன்றாவது தரமும் மா வெடித்தது. கேதீஸ்வரன் உருளைக்கட்டையை மேசையில் ஓங்கி வைத்தார்.

உருட்ட உருட்ட ஓரமெல்லாம் பிளந்துகொண்டு போனது. தண்ணீர் கூடினால் களி, குறைந்தால் தூள். ஃபோனில் ஓர் உக்ரேனியப் பெண் இதே மாவையும் உப்பையும் இளஞ்சூட்டுத் தண்ணீரையும் வைத்துக்கொண்டு, துணி விரிப்பதுபோல விரித்துச் சிரித்தாள். ஃபோனோடு அவளைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

வரேனிகி. மசித்த உருளைக்கிழங்கை உள்ளே வைத்து, மாவை அரைவட்டமாக மடித்துக் கொதிநீரில் போட்டெடுப்பது. உக்ரேனில், கார்கிவில் எஞ்சினியரிங் படிக்கப்போய் ஒக்சானாவைக் கட்டிய நாளிலிருந்து அவர் அதை வெள்ளைக்காரக் கொழுக்கட்டை என்று நக்கலடித்துத்தான் சாப்பிட்டார். நேற்று அவள் கண்ணைத் திறந்து, அவருடைய அக்கா சரோஜாதேவியிடம் பழகிய தமிழில், "என்ர கொழுக்கட்டை ஒண்டு, கேதீஸ்" என்றாள். அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

"அப்பா, ஷீ கான்ட் ஈவன் ஸ்வாலோ." ஹாலில் போட்டிருந்த கட்டிலருகே இருந்து மகள் பிரணவி சொன்னாள். "ஜஸ்ட் கம் அண்ட் சிட் வித் ஹெர். ப்ளீஸ்."

"வாயில தொட்டு வைச்சாலே காணும். நீ பேசாமல் இரு."

"நர்ஸ் செட் இட் வில் பி டுடே, அப்பா."

"எனக்குத் தெரியும்!"

தெரிந்தபடியால்தான் இந்த அவதி. முப்பத்தாறு வருடம் சமைத்துப் போட்டவள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. பாலங்களுக்குக் கணக்குப் போட்ட மனிதனுக்கு ஒரு பிடி மா மசியவில்லை. மாவின் மேல் ஆத்திரம், மகளின் மேல் ஆத்திரம், ஒரு நாளும் பக்கத்தில் நின்று பார்க்காத தன் மேல் அதைவிட ஆத்திரம். நாலாவது தரம் மா டின்னைச் சரித்தார்.

"அப்பா!"

"ரெண்டு நிமிசம்."

"அப்பா, நவ்!"

விரலிடுக்கில் ஒட்டியிருந்த மாவை உரசிக் கழுவிவிட்டுப் போனார். அதற்குள் முடிந்துவிட்டது. பிரணவி தாயின் நெஞ்சில் முகத்தை வைத்திருந்தாள். ஒக்சானாவின் கையில் இன்னும் சூடு இருந்தது.

பக்கத்துப் புறநகரான நியூ லின்னிலிருந்து அக்கா சரோஜாதேவி வந்தார். பிரணவியைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு குசினிக்குள் வந்து, காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர்ச் சட்டியைக் கண்டு அடுப்பை அணைத்தார்.

"எல்லாம் முடியுமட்டும் இந்த வீட்டில அடுப்பு மூட்டக்கூடாது, தம்பி. சாப்பாடு நாங்கள் கொண்டு வருவம்." அவருடைய கண் மேசையில் நின்றது. "இந்த டின்னை ஏன் எடுத்தனீ?"

"மாதானே."

"இது பிட்டுக்கு நீராவியில அவிச்ச கோதுமை மா. அவிச்சால் பிடிப்புப் போயிடும். என்ன குழைச்சாலும் வெடிக்கத்தான் செய்யும்."

"அப்ப அவிக்காத பச்சை மா எங்க?"

"டொக்டர் கையை விரிச்ச கிழமை, வீட்டில இருந்த மா முழுக்க அவிக்கவேணும் எண்டு ஒற்றைக்காலில நிண்டவள். நானும் அவளும் இருந்து அரிச்சனாங்கள். நான் இல்லாட்டி இந்த மனுசனுக்கு ஆர் பிட்டுக்கு மா அவிக்கிறது எண்டு கேட்டாள்."

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!" கேதீஸ்வரன் கத்தினார். யாரைக் கேட்டார் என்று அவருக்கே விளங்கவில்லை. தெருமுனை டெய்ரிக் கடையில் பச்சை மா பாக்கெட் இருந்திருக்கும். ஐந்து நிமிட நடை. கடைசி நாளை அவள் பக்கத்தில் இல்லாமல் இந்த மாவோடு சண்டை பிடித்துத் தொலைத்துவிட்டார்.

சரோஜாதேவி ஹாலுக்குப் போனார்.

குப்பையில் வீசுவதற்காகக் கேதீஸ்வரன் வெடித்த மா உருண்டை ஒன்றை எடுத்து நசித்தார். அது ஒட்டாமல், இழுபடாமல், மணிமணியாகக் கிண்ணத்தில் உதிர்ந்தது. நல்ல பிட்டுப் பதம்.

பிறகு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, மற்ற உருண்டைகளையும் ஒவ்வொன்றாக உதிர்க்கத் தொடங்கினார். அணைத்த அடுப்பில் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.