இடது கால் பெருவிரல்

விரலை வைத்து ஆளை அடையாளம் காணும் இயந்திரத்துக்கு முகம், பெயர், குணம் எதுவும் வேண்டாம். விரல் நுனியில் வரப்பும் வாய்க்காலுமாகக் கோடுகள் ஓடுகின்றன அல்லவா? கண்ணாடியில் அழுத்தினால் வரப்பு ஒட்டும், வாய்க்கால் ஒட்டாது. எந்த வரப்பு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்பதை மட்டும் அது குறித்து வைத்துக்கொள்ளும்.

டைல்ஸ் பதிக்கும் ஒரு பெண்ணின் விரல்களில் வரப்பே இல்லை. சிமெண்டில் உள்ள காரம் தோலை அரித்துவிடும். மிச்சம் இருப்பதை டைல்ஸின் ஓரம் தேய்த்துவிடும். பல வருஷ வேலையில் பத்து விரலும் கூழாங்கல்லைப் போல வழுவழுவென்று ஆகிவிட்டன.

அவள் மாலைநேரத் தொழிற்கல்லூரியில் சேர்ந்தது ஒரு சான்றிதழுக்காக. அது கையில் இருந்தால் சொந்தமாக வேலை எடுத்துச் செய்யலாம். இல்லையென்றால் கடைசிவரை மேஸ்திரிக்குக் கீழேதான். அதுவரை பகலில் பட்டம் படிப்பவர்களுக்கு மட்டும் கிடைத்துவந்த அரசு உதவித்தொகையை, அந்த வருஷம்தான் பகுதிநேரமாகப் படிப்பவர்களுக்கும் தொழில் படிப்பவர்களுக்கும் நீட்டித்திருந்தார்கள். ஆட்களைச் சேர்த்தார்களே தவிர நிபந்தனையைத் தொடவில்லை. பகல் மாணவர்கள் ஒருவருக்கொருவர் கள்ளக் கையெழுத்துப் போட்டதால் வந்த நிபந்தனை அது: தினமும் இயந்திரத்தில் விரல் வைத்தால்தான் வருகை.

முதல் மாதம் முடிந்ததும் கல்லூரி எழுத்தர் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஒரு நாள்கூட வகுப்புக்கு வரலையே நீ?"

"தினமும் வரேனே சார். நேத்துகூட உங்களுக்கு வணக்கம் வச்சேனே."

"வச்சே. நானும் திருப்பி வச்சேன். மெஷின் வைக்கலையே! சேரும்போது மட்டும் விரல் எப்படிப் பதிஞ்சுது?"

"அப்போ ஜுரத்துல ரொம்ப நாள் படுத்துக் கிடந்தேன் சார். வேலைக்குப் போகலை. கை பூ மாதிரி இருந்துச்சு."

"அப்ப இன்னொரு ஜுரத்துக்கு ஏற்பாடு பண்ணு. அடுத்த மாசமும் இதே கதைன்னா உதவித்தொகை நின்னுடும். ஃபீஸை நீதான் கட்டணும்."

அவளால் கட்ட முடியாது. அவருக்கும் அது தெரியும். அதனால்தான் கிண்டல் செய்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் அவள் கணவர், தையல்காரர், தையல் மெஷினை நிறுத்தாமலே யோசனை சொன்னார்.

"என் விரலை வச்சிடலாமா? கோடெல்லாம் அச்சுல அடிச்ச மாதிரி இருக்கும்."

"வச்சா நீங்கதான் உட்கார்ந்து படிக்கணும். சிமெண்டும் நீங்கதான் குழைக்கணும்."

"அய்யோ, அப்புறம் என் விரலும் போயிடும்!"

கையுறை வாங்கிக் கொடுத்தார். கையுறையில் ஒரு சிக்கல் உண்டு. பக்கத்துப் பக்கத்து டைல்ஸில் ஒன்று மயிரிழை உயர்ந்து நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது, விரல் தடவினால் தெரியும். கையுறை போட்ட விரலுக்கு எதுவும் தெரியாது. அவள் பதித்து முடித்த வரிசையில் மேஸ்திரி இரண்டு இடத்தில் தடுக்கினார்.

"தங்கச்சி, உன்னைத் தரை போடச் சொன்னேனா, படிக்கட்டு கட்டச் சொன்னேனா?"

கையுறையைக் கழற்றிப் போட்டாள். சாயங்காலம் பூட்ஸைக் கழற்றி, கால் கழுவி, பாதி காய்ந்த காலோடு முந்தைய நாள் பதித்த கறுப்பு டைல்ஸைக் கடந்தாள். திரும்பிப் பார்த்தால் தரையில் வரிசையாக ஈரத் தடம். குனிந்து பார்த்தாள். பெருவிரல் பட்ட இடத்தில் சுழி சுழியாகக் கோடுகள், ஒன்றுகூட அழியாமல்! நாளெல்லாம் பூட்ஸுக்குள் பத்திரமாக இருந்த காலை சிமெண்ட் எங்கே தொட்டது?

கால் விரலைப் பதியலாமா என்று அவள் கேட்டதும் எழுத்தர் முகம் சுளித்தார்.

"நாங்க கை வைக்கிற இடத்துலயா?"

"சோப்பு போட்டுக் கழுவியிருக்கேன் சார். நீங்க இப்போதான் எதையோ தின்னுட்டுக் கையைப் பேன்ட்ல துடைச்சீங்க."

அவர் புதுப்பதிவுக்கு இயந்திரத்தைத் திறந்துவிட்டார். இயந்திரம் சுவரில் நெஞ்சளவு உயரத்தில் இருந்தது. கூடப் படிக்கும் வெல்டர் தோள் கொடுக்க, அவள் ஒற்றைக் காலில் நின்று இடது காலைத் தூக்கிப் பெருவிரலை வைத்தாள். "நன்றி" என்றது இயந்திரத்தின் பெண் குரல்.

"எனக்கு இவ்வளவு சீக்கிரம் அது நன்றி சொன்னதே இல்லை," என்றார் எழுத்தர்.

விரல் தேய்ந்தவர்கள் வகுப்பில் பாதிக்கு மேல். மறுநாள் எல்லோரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, ஒற்றைக் காலில் வரிசையாக நின்றார்கள். வெல்டர் தும்மினார். வரிசை முழுவதும் சரிந்தது. அன்றைக்கே மின்வேலை படிப்பவர்கள் இயந்திரத்தைக் கழற்றி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மாட்டினார்கள். எழுத்தர் தன் வருகைக்குத் தினமும் குந்த வேண்டியதாயிற்று.

மாதக் கடைசியில் உதவித்தொகைத் துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்து இறங்கினார்.

"திடீர்னு ஒரு வகுப்பே உயிர் பிழைச்சு வந்திருக்கு. யார் விரலை வச்சு ஏமாத்தறீங்க?"

"என் விரலைத்தான் மேடம். கால் விரல்," என்றாள் டைல்ஸ்காரி.

"விளையாடறியா? எங்கே, என் எதிர்ல வை பாப்போம்."

வைத்தாள். "மீண்டும் முயலவும்" என்றது இயந்திரம். மறுபடியும் வைத்தாள். மறுபடியும் அதையே சொன்னது. அதிகாரி கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார். எழுத்தருக்கே வியர்த்துவிட்டது.

டைல்ஸ்காரி தன் விரலைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஒரு நிமிஷம் மேடம். பஸ்ஸை விட்டுட்டு ஓடி வந்தேன், கால் வேர்த்திருக்கு. பள்ளத்துல தண்ணி நின்னா மேடும் பள்ளமும் ஒண்ணாத்தானே தெரியும்? சார், உங்க கர்ச்சீப்!"

"இது என் கல்யாண நாளுக்கு..." என்று இழுத்தார் எழுத்தர். அதிகாரி ஒரு பார்வை பார்த்ததும் கொடுத்துவிட்டார்.

விரல் இடுக்கெல்லாம் துடைத்து, ஊதி, மெதுவாக வைத்தாள்.

"நன்றி."

அதிகாரி பேனாவை மூடினார்.

"வலது கால் ஏன் இல்லை?"

"அதுல டைல்ஸ் விழுந்துடுச்சு மேடம்."

அதிகாரி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு கோப்பைப் புரட்டியபடி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உன்னோடது நிக்காது. ஆனா மத்த காலேஜ்லயும் மாலை வகுப்புல பாதிப் பேர் வரலைன்னுதான் எங்களுக்குக் கணக்கு வந்திருக்கு. எல்லாரையும் நிறுத்தறதா இருந்தோம். இப்போ அவங்களுக்கு நான் என்னன்னு உத்தரவு போடறது?"

"கால் கழுவிட்டு வரச் சொல்லுங்க மேடம்," என்றாள் அவள், ஒற்றை பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு. "பாடம் ஆரம்பிச்சுட்டாங்க, நான் போறேன்."