ஸஹ்ராவின் தண்ணீர்

மலையடியில் புதிதாக எழுந்த ஸஹ்ரா நகருக்கு முதலில் வந்தது தண்ணீர்தான். தம்மாமின் வாப்பா மலையைக் குடைந்து கால்வாய் இழுத்தவர்களில் ஒருவர். நீர் இறங்கிய பிறகு பளிங்கு வந்தது, தூண்கள் வந்தன, கலீஃபா வந்தார். அங்கே வீடு கட்டுகிறவனுக்கு வெள்ளி தருவதாகப் பழைய தலைநகரான குர்துபாவின் கடைத்தெருவில் பறையறைந்தார்கள். குர்துபாவில் பாதி மலையடிக்குக் குடிவந்தது. அரண்மனைக் குளத்து மீன்களுக்குத் தினமும் கூடைகூடையாக ரொட்டி போட்டார்கள். அந்த மாதிரி ரொட்டி தன் கல்யாணத்தில்கூடக் கிடைக்கவில்லை என்று வாப்பா சொல்வார்.

அவருக்குப் பின் கால்வாயின் மதகு தம்மாமின் பொறுப்புக்கு வந்தது. மனைவி போய்ச் சேர்ந்தபின் அவனுக்கு மகள் முஸ்னா ஒருத்திதான்.

ஒரு நல்ல மரத்தின் ஆயுள்கூட அந்த ஊருக்கு இல்லை. அரியணைக்காக இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். ஒருவன் கடல் தாண்டிவந்த கூலிப்படையைச் சேர்த்துக்கொண்டான். காவலனாயிருந்த முஸ்னாவின் புருஷன் முதல் சண்டையிலேயே செத்தான். கூலிப்படை ஸஹ்ராவின் மதிலுக்கு வெளியே கூடாரம் அடித்தபோது அவளுக்கு நிறைமாதம்.

தப்பிக்க இரண்டு வழி இருந்தது. நீரை நிறுத்திவிட்டால் கால்வாய்க்குள் அரை நாள் தவழ்ந்து மலைக்கு அந்தப் பக்கம் போய்விடலாம். இல்லாவிட்டால் பள்ளிவாசல்.

"தவழ்ந்துடுவியா?"

"நான் நடுவுல மாட்டிக்கிட்டா ஊருக்கே தண்ணி நின்னுடும் வாப்பா. எல்லாரும் திட்டுற திட்டுலயே பிள்ளை பிறந்துடும்."

சிரித்தாள். பிறகு, அவன் எதைச் சொன்னாலும் செய்வதாகச் சொன்னாள்.

தம்மாம் அவள் வயிற்றைப் பார்த்தான். "பள்ளிக்கே போயிடு. அவனுங்களும் நாம தொழுற திசையிலதான் தொழுறானுங்க. அங்க வந்து கத்திய எடுக்க மாட்டானுங்க."

ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். பள்ளி நிரம்பியது. விடிவதற்குள் ஒளு செய்யும் தொட்டி வற்றியது. அத்தனை பேரும் கைகால் கழுவாமல் தொழ முடியாது. மகளை ஒரு தூணோரம் உட்காரவைத்துவிட்டு, அரண்மனைக்குப் போகும் நீரையும் பள்ளிக்குத் திருப்பிவிட, மதிலுக்குள்ளேயே மலைச்சரிவில் இருந்த மதகுக்கு அவன் ஏறினான்.

அவன் மதகுப் பலகையைத் தூக்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஊருக்குள்ளிருந்தே ஒருவன் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டான்.

மத்தியானம் இறங்கி வந்தபோது கூலிப்படை பள்ளியை முடித்துவிட்டு அரண்மனைக்குப் போயிருந்தது. மேலே கதவுகளை உடைக்கும் சத்தம் கேட்டது. தொட்டி நிரம்பி முற்றமெங்கும் வழிந்துகொண்டிருந்தது. முஸ்னா அந்தத் தூணோரமாகவே கிடந்தாள். இரண்டு கைகளும் வயிற்றின்மேல் இருந்தன.

இறந்தவர்களின் மய்யித்துகளைக் குளிப்பாட்டும் வஹ்ப், பிணங்களோடு பிணமாகக் கிடந்து பிழைத்திருந்தான். தம்மாம் குடத்தை எடுத்ததும் வந்து கையைப் பிடித்தான். அநியாயமாக வெட்டுப்பட்டவர்கள் ஷஹீதுகள், மார்க்கத்துக்காக உயிர் கொடுத்தவர்களுக்குச் சமம், ரத்தத்தோடுதான் அடக்க வேண்டும், கழுவினால் அவர்களுடைய பெருமையை நாமே பறித்ததாகிவிடும் என்றான்.

"அது சண்டைக்குப் போனவனுக்கு. இவ பிள்ளை பெக்க இருந்தவ."

"அண்ணே, நாளைக்கு மறுமையில அல்லாஹ் கேப்பான்."

"என்னையும்தான் கேப்பான். இங்க உக்காருன்னு சொன்னது நான்."

வஹ்ப் கையை விட்டான்.

பெண்ணைப் பெண்தான் கழுவ வேண்டும். பள்ளியில் ஒரு பெண்கூட மிச்சமில்லை. தம்மாம் தன் மேலங்கியைக் கழற்றி, கழுத்திலிருந்து பாதம்வரை அவளை மூடினான். வஹ்ப் முகத்தைத் திருப்பிக்கொண்டு துணிக்கு மேலேயே தண்ணீர் ஊற்றினான். தம்மாம் துணிமேல் கையை ஓட்டினான். தோள், முழங்கை, விரல்கள். வயிற்றருகே வந்ததும் கை நின்றது.

வஹ்ப் மறுபடி மொண்டு வந்தான். மறுபடியும்.

"கழுவுறத ஒத்தப்படையில முடிக்கணும் அண்ணே. இதோட எத்தனை?"

தம்மாமுக்குத் தெரியவில்லை.

"ஊத்து," என்றான்.